பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே நிற்பது அரைச்சுவர். கதிரையில் இருந்தால் மறைக்கும், எழுந்து நின்றால் மறைக்காது. சத்தத்தை எப்போதுமே மறைக்காது. அதனால் நான் ஒரு பக்கத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டே, மறுபக்கத்தில் குணலட்சுமி புவியியல் படிப்பிப்பதைப் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வகுப்பில் வேறொருவர் படிப்பிக்கிறார். நல்ல ஆசிரியர்தான். ஆனாலும் நாலாம் பாடவேளை நெருங்கும்போது கரும்பலகையில் என் கை தானாக நின்றுவிடுகிறது.

நாங்கள் குணமக்கா என்று கூப்பிடுகிற குணலட்சுமி கோப்பாயில் பிறந்தவர். தகப்பன் ஏரம்பு வெங்காயமும் புகையிலையும் செய்த கமக்காரர். தாய் இவர் சிறுமியாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். ஒரே ஒரு அண்ணன், தவநேசன். அவர் எண்பதுகளின் நடுவில் ஜேர்மனிக்குப் போனார். குணமக்கா போகவில்லை. யாழ்ப்பாணத்திலேயே பட்டம் பெற்று, தொண்ணூற்றைந்தில் போருக்குத் தப்பி எல்லாரோடும் தென்மராட்சிக்கு நடந்து, திரும்பி வந்து, கூரை போன வீட்டைத் தமையன் அனுப்பிய காசில் திருத்தி அதிலேயே இருந்தார். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "பொருத்தம் பாத்த சாத்திரி இடம்பெயர்ந்திட்டார்" என்பார்.

மெல்லிய உடம்பு. குரல் மட்டும் பெரியது.

பள்ளிக்கூடத்துக்குப் பழைய மாணவர்கள் கணினியோடு இணைக்கிற ஒரு ஸ்மார்ட் போட் வாங்கித் தந்தபோது, அது புவியியல் வகுப்பில் கொண்டுபோய்ப் பூட்டப்பட்டது. அங்கேதான் யன்னலுக்குக் கம்பி இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. மற்ற ஆசிரியர்கள் நாங்கள் அதில் படம் போட்டுக் காட்டினோம். குணமக்காவுக்கு அது போதவில்லை. பிள்ளைகள் இணையத்திலிருந்து எதையும் அள்ளிக்கொண்டு வந்து ஒட்டுவது அவருக்கு ஆகாது. ஒருமுறை 'எமது ஊர்க் கிணறுகள்' என்ற செயற்றிட்டத்துக்கு டினேஸ் என்ற பையன் பளபளவென்று ஒரு கிணற்றின் படத்தை ஒட்டிக்கொண்டு வந்தான்.

"டினேஸ், இது ஆரின்ரை கிணறு?"

"கோப்பாயிலை ஒரு கிணறு, ரீச்சர்."

"கிணத்தடியிலை ஒட்டகம் நிக்குது. கோப்பாயிலை எந்தத் தெரு, எந்த ஒழுங்கையடா அது?"

சுவருக்கு இந்தப் பக்கம் என் வகுப்பும் சிரித்தது. அன்றுதான் அவர் நான்கு கேள்விகளைப் பலகையின் ஓரத்தில் எழுதினார். ஆர் போட்டது? எப்ப போட்டது? ஏன் போட்டது? வேறை ஆர் சொல்லினம்? அவற்றை ஒருவரும் அழிக்கக்கூடாது. பலகை துடைக்கிற பிள்ளை அந்த மூலையைச் சுற்றித்தான் துடைக்கும். அதற்குப் பிறகு இன்னொன்று வாயால் சொல்வார்: "நாலும் சரியெண்டாலும் போதாது. போய் வீட்டுப் படலையைத் தட்டிப் பாக்கவேணும்."

இதய வால்வு மாற்றி, நீண்ட லீவு எடுத்து, அவர் திரும்பி வந்தது ஒரு வைகாசியில். மெலிந்திருந்தார். படி ஏறி வந்தால் கதிரையில் இருந்துதான் பேசத் தொடங்குவார். வந்த கையோடு பத்தாம் தரத்துக்குப் புலம்பெயர்வுப் பாடம். புத்தகத்தில் வேறு நாடுகளின் வரைபடமும் பெரிய பெரிய அம்புக்குறிகளும் இருந்தன. அவர் புத்தகத்தை மூடிவைத்தார்.

"உங்கடை ஊரிலையிருந்து ஆர் ஆர் எங்கை போனவை எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கலாம்?"

பிள்ளைகள் கிராம சேவகர் என்றார்கள், முகநூல் என்றார்கள். கோபிகா என்ற பிள்ளை, வாய் திறப்பது குறைவு, மெல்லச் சொன்னாள்: "மரண அறிவித்தல், ரீச்சர். அதிலை எல்லாம் இருக்கும்."

சோக்கை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு குணமக்கா, "இரு. அதைத் திரும்பச் சொல்லு" என்றார்.

எங்கள் ஆட்கள் எந்த நாட்டில் செத்தாலும் இணையத்தில் அறிவித்தல் வரும். யாழ். கோப்பாயைப் பிறப்பிடமாகவும், கனடாவை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார். அன்னார், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புச் சகோதரனும். இடையில் இருந்த நாடுகளும் வரும். நாலு வரியில் ஒருவர் நடந்த தூரம் முழுவதும் கிடைத்துவிடும். குணமக்கா ஒழுங்கைகளைக் குழுக்களுக்குத் திருவுளச்சீட்டில் பிரித்துக் கொடுத்தார். பழைய அறிவித்தல்களைத் தேட வேண்டும். ஊர் கோப்பாய் என்றால் அந்த ஆள் பிறந்த வீட்டைக் கண்டுபிடித்துப் படலையில் நின்று கேட்க வேண்டும். விபரம் சரியா? எப்போது போனார்? ஏன் போனார்? திரும்பி வந்தாரா? இப்போது இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? இரண்டு பக்கமும் பொருந்தினால்தான் வரைபடத்தில் புள்ளி. புள்ளியிலிருந்து அவர் போன நாட்டுக்கு ஒரு கோடு.

பெற்றோர் சிலர் அதிபரிடம் வந்தார்கள், பிள்ளைகளைச் செத்தவர்களின் படங்களைப் பார்க்க விடுகிறாராம் என்று. அதிபரும் கூப்பிட்டுக் கேட்டார்.

"வேறை நல்ல விசயம் ஒண்டும் கிடைக்கேல்லையோ, ரீச்சர்?"

"நெற்றிலை எல்லாத்திலையும் பொய் சொல்லுவினம், சேர். செத்தவீட்டு அறிவித்தலிலை பிறந்த ஊரை ஒருத்தரும் பொய் சொல்லுறேல்லை."

அதிபர் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

அந்த வாரங்களில் பக்கத்து வகுப்பின் சத்தம் மாறிப்போனது. முப்பது பிள்ளைகள் தாழ்ந்த குரலில் செத்தவர்களின் பெயர்களை வாசித்துச் சரிபார்ப்பது அரைச்சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருக்கும். அன்பு மகனும், அன்புக் கணவரும், அன்புத் தந்தையும். என் பிள்ளைகள் சமன்பாட்டின் நடுவில் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

சனிக்கிழமைகளில் குழுக்கள் வீடுகளுக்குப் போயின. துணைக்கு ஒரு ஆசிரியர் வேண்டும் என்று ஒருமுறை நானும் போனேன். தோட்டத்துக்கு நடுவே உயர்ந்த மதில், புதுச் சாயம், இரும்புக் கேற். பூட்டு. உள்ளே எந்த அசைவும் இல்லை. டினேஸ் கேற்றைத் தட்டிவிட்டு, "ஒருத்தரும் இல்லை, ரீச்சர்" என்று திரும்பியபோது மதிலின் மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆர் பிள்ளையள் நீங்கள்?"

பிள்ளைகள் ஓடவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மதில் மூலையில் ஒரு சின்னக் கமரா இருந்தது. அதில் சிவப்பு வெளிச்சம். வீட்டுக்காரர் ரொறொன்ரோவிலிருந்து பேசினார். கோபிகா அறிவித்தலை வாசித்துக் காட்டினாள்.

"ஓம், அது எங்கடை அப்பாதான். வலப்பக்கத்து முன்னறையிலைதான் பிறந்தவர். யன்னல் திறந்திருக்கோ, பாருங்கோ."

"இல்லை, அங்கிள். பூட்டியிருக்கு."

"இங்கை எனக்குத் திறந்தமாதிரித் தெரியுது" என்றது குரல். பிறகு, "சரி. கவனமாப் போங்கோ. பின்னாலை நாய் நிக்குது" என்றது. எந்த நாயையும் நாங்கள் காணவில்லை. அந்தக் கேற்றின் முன் 'இப்போது யார் இருக்கிறார்கள்' என்ற கேள்விக்கு என்ன எழுதுவது என்று பிள்ளைகள் வெகுநேரம் யோசித்தார்கள்.

அடுத்த கிழமை கோபிகா என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். குணமக்காவின் வகுப்பு முடிந்து அவர் போகும்வரை காத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

"ரீச்சர், ஒராள் செத்தது அவரின்ரை கூடப்பிறந்த ஆக்களுக்குத் தெரியாமல் இருக்குமோ?"

"ஏன் கேக்கிறீர்?"

அவள் தன் போனை நீட்டினாள். நான் அதைக் கையில் வாங்கவில்லை, குனிந்து பார்த்தேன். யாழ். கோப்பாயைப் பிறப்பிடமாகவும், ஜேர்மனி டோர்ட்முண்டை வசிப்பிடமாகவும் கொண்ட ஏரம்பு தவநேசன் அவர்கள். மாசி மாதத்துத் திகதி. குணமக்கா வால்வு மாற்றிக் கட்டிலில் கிடந்த நாட்கள். தனுசியாவின் அன்புத் தந்தையும். குணலட்சுமி, ஆசிரியை, இலங்கை, அவர்களின் அன்புச் சகோதரனும்.

"ரீச்சருக்குத் தெரியாது" என்றாள் கோபிகா. "நேற்று எங்களிட்டைச் சொன்னவ, அண்ணை இப்பவும் காலமையிலை சாப்பிட்டியோ எண்டு கேட்டு எழுதுறவர் எண்டு."

நான் பின்னேரமே குணமக்காவின் ஒழுங்கைக்குப் போனேன். குணமக்காவின் அடுத்த வளவில் அவருடைய பெரியப்பாவின் மகன் அருளம்பலம் இருந்தார். ஓய்வு பெற்ற பஸ் சாரதி. என்னை உள்ளே கூப்பிடவில்லை. கேற்றுக்கு வெளியே வந்து, ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"டொக்டர் சொன்னவர் அதிர்ச்சி குடுக்கக்கூடாதெண்டு. தையல் காயட்டும் எண்டு நினைச்சம். பிறகு மாதச் செக்கப் முடியட்டும் எண்டம். இப்ப எந்த மூஞ்சையோடை சொல்லுறது?"

"அறிவித்தல் போட்டிருக்கிறியளே, அண்ணை. அவவின்ரை பேரோடை."

"போடாமல் விடலாமே? ஊர் என்ன கதைக்கும்? கூடப்பிறந்த ஒரே தங்கச்சி, பேரை விட்டால் இன்னும் பிழையெல்லே?" அவர் என் முகத்தைப் பார்த்து உண்மையாகவே கேட்டார். அதில் இருந்த முரண் அவருக்குத் தெரியவில்லை. "இந்த ஒழுங்கையிலை எல்லாருக்கும் தெரியும், ரீச்சர். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நீங்களும் திறந்திடாதையுங்கோ."

திரும்பி வரும்போது அந்த ஒழுங்கையைப் பார்த்தேன். கேற்றுகளில் நின்ற பெண்கள், சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர், கடைக்காரர், எல்லாரும் என்னை வழமைபோல்தான் பார்த்தார்கள். ஒரு ஒழுங்கை முழுவதும் ஒரே விசயத்தை மாதக்கணக்கில் வாய்க்குள் வைத்திருக்கிறது. அதன் நடுவில் ஒருத்தி தினமும் குடை பிடித்துக்கொண்டு பஸ்சுக்கு நடக்கிறாள்.

ஜேர்மனியில் விடிவது எங்களுக்கு நாலாம் பாடவேளை.

ஆடி மாதத்தில் ஒரு நாள், குணமக்கா தன் மடிக்கணினியை ஸ்மார்ட் போட்டில் இணைத்து வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். இணையம் அவருடைய போனிலிருந்துதான் வரும், போனுக்கு வருகிற செய்திகளும் அதில் எழும்பும். கோப்பாயிலிருந்து நாலா திசையிலும் கோடுகள் போயிருந்தன. நான் என் பக்கத்தில் எழுந்து நின்றபடியால் எனக்கும் தெரிந்தது. திரையின் கீழ்மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. அண்ணை: சாப்பிட்டியோ குணம்?

வகுப்பு அப்படியே நின்றது. அறிவித்தலை அதற்குள் பார்த்துவிட்டிருந்த முப்பது பிள்ளைகளும் அந்த மூலையையே பார்த்தார்கள். அது மங்கி மறைந்தது. உடனே இன்னொன்று எழும்பியது. அண்ணை: மருந்து போட்டியோ?

ஒரு பிள்ளை மேசையில் தலையைக் கவிழ்த்தது.

குணமக்கா திரும்பித் திரையைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். வழமையாக இப்படி ஏதாவது எழும்பினால் பையன்கள் 'ஓ' போடுவார்கள். அன்று ஒருவரும் அவர் கண்ணைச் சந்திக்கவில்லை.

"என்னடா, பேய் கண்டமாதிரி இருக்கிறியள்" என்றார். அவர் மெல்லக் கதிரையில் இருந்தார். "கோபிகா, உங்கடை குழுவுக்குத்தானே எங்கடை ஒழுங்கையும். அதிலை ஒரு புள்ளியும் காணேல்லை. ஒருத்தரும் இல்லையோ?"

கோபிகா எழுந்து நின்றாள். "இல்லை, ரீச்சர்."

"வடிவாத் தேடினனியோ?"

"ஓம், ரீச்சர். ஒருத்தரும் இல்லை."

இந்தப் பிள்ளை பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அது எனக்குச் சுவருக்கு இப்பால் தெரிந்தது என்றால், எதிரே இருந்தவருக்குத் தெரியாமல் போகாது. குணமக்கா பலகையின் ஓரத்தில் இருந்த நான்கு கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கணினியை மூடினார். மணி அடித்தது.

இடைவேளைக்கு ஆசிரியர் அறையில் அவர் எனக்கு எதிரே வந்து இருந்தார். போனை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"நேற்று அண்ணையிட்டை ஒரு படம் கேட்டனான். இண்டைக்கு எடுத்த படம் ஒண்டு அனுப்பு எண்டு. வந்திருக்கு, பாரும்."

தவநேசன் யன்னலோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். தடித்த சுவெற்றர். யன்னலுக்கு வெளியே மரங்கள் மொட்டையாக, பனி மூடி வெள்ளையாக இருந்தன.

"ஆடி மாசத்திலை ஜேர்மனியிலை சினோ கொட்டுமோ?"

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாசியிலையிருந்து அவர் கதைக்கேல்லை. தொண்டையிலை கட்டி, கதைக்க வேண்டாமாம் எண்டு எழுதினார். முந்தியெல்லாம் எழுதினால் ரயில் பிந்தினதிலையிருந்து முருங்கைக்காய் விலைவரைக்கும் எழுதுவார். இப்ப ரெண்டு சொல்லு." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அருளம்பலண்ணையின்ரை மனுசி, நான் படுத்திருக்கேக்கை எனக்குச் சாமி விளக்கு ஏத்த வந்தவ. திடீரெண்டு ஒரு மாசம் சாமியறைக்குள்ளை கால் வைக்கேல்லை. இருமலாம். பிறகு ஒருநாள் குடும்பமா கீரிமலையிலையிருந்து, கிரியை முடிச்சு வாற ஆக்கள் மாதிரி, ஈரத்தலையோடை வந்து இறங்கினவை. சும்மா குளிக்கப் போனவையாம். யன்னலாலை பாத்துக்கொண்டு கிடந்தன். கண்டுபிடிக்க எனக்கு இவ்வளவு நாள் எடுத்திருக்கு."

"குணமக்கா" என்றேன்.

"நீர் ஒண்டும் சொல்லவேண்டாம். உம்மை ஏன் இழுப்பான். தேத்தண்ணி ஆறுது, குடியும்."

அன்று பள்ளி விடும்போது அவர் கோபிகாவின் குழுவைக் கூப்பிட்டார். "நாளைக்குச் சனிக்கிழமை. எங்கடை ஒழுங்கையிலை ஒரு வீடு விட்டுப்போச்சு. காலமை என்ரை வீட்டை வாங்கோ. கேள்வியளைக் கொண்டுவாங்கோ" என்றார். என்னைப் பார்த்து, "நீரும் வாரும்" என்றார்.

காலையில் நாங்கள் போனபோது கேற் திறந்திருந்தது. குணமக்கா கிணற்றடியில் தலைமுழுகி, தலைமயிரை விரித்துவிட்டபடி முன்விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார். பொட்டு இல்லை. பிள்ளைகள் கேற்றுக்கு வெளியிலேயே நின்றார்கள்.

"உள்ளை வராதையுங்கோ. மற்ற வீடுகளிலை எங்கை நிண்டு கேட்டனீங்கள்?"

"கேற்றடியிலை, ரீச்சர்."

"அப்ப அங்கையே நில்லுங்கோ. கேளுங்கோ."

டினேஸ் தாளை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றான். கோபிகா அதை வாங்கினாள்.

"வணக்கம். நாங்கள் பத்தாம் தரப் பிள்ளையள். ஏரம்பு தவநேசன் எண்டவர் பிறந்த வீடு இதுவோ?"

"ஓம். இதுதான்."

"அறிவித்தலிலை இருக்கிற விபரம் சரியோ? குணலட்சுமி எண்டு ஒரு தங்கச்சி பேர் இருக்கு."

"சரி. நான்தான்."

"அவர் எப்ப போனவர்?"

"எண்பத்தைஞ்சு, ஐப்பசி. மழை பெய்து ஒழுங்கை முழுக்க வெள்ளம். சப்பாத்தைக் கையிலை தூக்கிக்கொண்டுதான் போனவர்."

"ஏன் போனவர்?"

"பக்கத்து ஒழுங்கையிலை ரெண்டு பெடியளை ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போயிட்டினம். எங்கடை ஐயாதான் தோட்டத்தை ஈடு வைச்சு அனுப்பினவர். எழுது, பரவாயில்லை."

வேலிப்பக்கம் சத்தம் கேட்டது. அருளம்பலம் சாரத்தை மடித்துக் கட்டியபடி வேகமாக வந்தார். விரித்த தலைமயிரைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"குணம், உதென்ன விளையாட்டு? ஆர் உனக்குச் சொன்னது? உந்தப் பெட்டையோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, அண்ணை. அதுதான் பிழை." அவர் குரல் உயரவில்லை. "பிள்ளையள் வேலை செய்யினம். பிறகு வாங்கோ. அழுறதெண்டாலும் பேந்து அழுவம்."

அருளம்பலம் போகவில்லை. கிணற்றுக்கட்டில் போய் இருந்து முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டார்.

"பிறகு எப்பவாவது வந்தவரோ?"

"ரெண்டு முறை. கடைசியா வரேக்கை இந்த விறாந்தைக்கு மாபிள் பதிச்சவர். எனக்கு வழுக்குமெண்டு சண்டை பிடிச்சனான்."

"இப்ப இந்த வீட்டிலை ஆர் இருக்கினம்?"

"நான் ஒராள்."

அந்த நேரத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்த போன் கிர் என்றது. நேரத்தைப் பார்க்கத் தேவையில்லை. எங்கள் எல்லாருக்கும் அது யார் என்று தெரிந்தது. டினேஸ் பின்னால் போய் ஒழுங்கையின் எதிர்வேலியில் முதுகு முட்டி நின்றான். குணமக்கா வாசித்தார்.

"சாப்பிட்டியோ குணம்."

அவர் எழுதவில்லை, அழைப்பு எடுத்தார். போனை ஒலிபெருக்கியில் போட்டு மடியில் வைத்தார். வெகுநேரம் மணி போனது. யாரோ எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

"தனு" என்றார் குணமக்கா. "அத்தை. எனக்குத் தெரியும்."

மூச்சு விட்டுவிட்டு வந்தது. பிறகு ஒரு பெண் குரல், ஜேர்மனியில் பிறந்த பிள்ளைகளின் இழுத்த தமிழில். "அத்தை, அருளம்பலம் பெரியப்பா ஆக்கள்தான் அப்பாவின்ரை போனிலை எழுதச் சொன்னவை. ஒரு மாசத்துக்கு எண்டவை. பிறகு எனக்கு எப்பிடி நிப்பாட்டுறதெண்டு தெரியேல்லை. ஒவ்வொரு நாளும் நீங்கள் அண்ணை எண்டு எழுதுவியள். நிப்பாட்டினால் நான் அப்பாவைக் கொன்றமாதிரி."

"நிப்பாட்ட வேண்டாம். அந்த போனை மூடாதை. ஆனால் இனி நீ நீயா எழுது."

அதன் பிறகுதான் அவர் அழுதார். பிள்ளைகள் கேற்றைத் தாண்டி உள்ளே போனார்கள். நான் தடுக்கவில்லை.

ஐயர் வந்து, சாவைக் கேட்ட நாளிலிருந்து துடக்கு, தீட்டுக் கணக்குப் பார்த்தார். குணமக்கா முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை பள்ளிக்கு வரவில்லை. வரைபடம் அந்த நாட்களில்தான் முடிந்தது. பிள்ளைகள் அனுப்ப அனுப்ப அவர் வீட்டிலிருந்தே திருத்தினார். நள்ளிரவுக்கு மேல் எந்தத் திருத்தமும் வரக்கூடாது என்று கோபிகா அவருக்குச் சட்டம் போட்டதாகச் சொன்னார்கள். தவநேசனின் புள்ளியை அவர் தானே வைத்தார். வரைபடத்தைப் பள்ளியின் இணையப் பக்கத்தில் போட்டதும் எங்கெங்கோ இருந்து எழுதினார்கள். நோர்வேயிலிருந்து ஒருவர், தன் தகப்பனின் புள்ளி இரண்டு வளவு தள்ளி விழுந்திருக்கிறது என்றார். பிள்ளைகள் போய்ப் பார்த்தார்கள். அவர் சொன்னதுதான் சரி.

அதன் பிறகு வந்த ஆண்டுகளிலும் நாலாம் பாடவேளையில் அந்தப் போன் கிர் என்னும். அண்ணை என்ற பெயரில்தான் வரும். எழுதுவது தனுசியா. வேலை மாறியது, கலியாணம், முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனது எல்லாம் அந்தப் பெயரில் வந்தன. பெயரை மாற்றிவையுங்கள் என்று ஒருமுறை சொன்னேன். "அந்தப் பேரைக் காண ஒரு நிமிசம் திடுக்கிடும். அது இருக்கட்டும்" என்றார்.

இந்த மாசியில் ஒரு காலை குணமக்கா பஸ்சுக்கு வரவில்லை. அருளம்பலத்தின் மனைவி போய்ப் பார்த்தபோது படுத்தபடியே இருந்தாராம்.

நாங்கள் பள்ளியிலிருந்து போனபோது அவரை மண்டபத்தில் கிடத்தியிருந்தார்கள். உயர்தரம் படிக்கும் கோபிகா தலைமாட்டில் நின்றாள். வெளியே பந்தல் போடும் சத்தம். உறவினர் ஒரு பக்கத்தில் குனிந்து பேசிக்கொண்டார்கள். தனுசியாவுக்கு ஆறாம் மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. இந்த நேரத்தில் சொல்லக்கூடாது. பிள்ளை பிறக்கட்டும்.

மேசையில் சார்ஜரில் கிடந்த போன் கிர் என்றது. எல்லாரும் திரும்பினார்கள். பூட்டு இல்லாத போன். யாரோ தொட்டதும் திறந்துகொண்டது.

அண்ணை: சாப்பிட்டியளோ அத்தை? இண்டைக்கு ஸ்கான்.

அருளம்பலம் அதை எடுத்துக் கோபிகாவிடம் நீட்டினார். "உனக்குத்தானே உது தெரியும். ஓம் எண்டு போட்டுவிடு, பிள்ளை. பூப்படம் ஒண்டும் அனுப்பிவிடு."

"நான் மாட்டன், அங்கிள்."

"ரெண்டு மூண்டு நாளைக்குத்தான். பிறகு ஆறுதலாச் சொல்லுவம்."

"போனமுறையும் உப்பிடித்தானே சொன்னனீங்கள்." அவள் குரல் தாழ்ந்துதான் இருந்தது. "வாசிச்சாச்சு எண்டு இப்ப அங்கை நீலமாக் காட்டும். ரீச்சர் வாசிச்சிட்டா எண்டு அவ பாத்துக்கொண்டு இருப்பா."

எல்லாரும் கிடத்தியிருந்தவரின் முகத்தைப் பார்த்தார்கள். போன் மறுபடி அதிர்ந்தது.

அண்ணை: அத்தை?

"ரீச்சர், நீங்களாவது" என்று அருளம்பலம் என்னிடம் நீட்டினார். பொல்லாத மனிதர் இல்லை. பயந்த மனிதர். நான் போனை வாங்கிக்கொண்டு பின்வாசலால் கிணற்றடிக்குப் போனேன். பின்னால் கோபிகா வந்து சற்றுத் தள்ளி நின்றாள்.

அழைப்பை எடுத்தேன். இல்லாத ஒருவரின் போனிலிருந்து இல்லாத ஒருவரின் போனுக்கு மணி போய்க்கொண்டிருந்தது.

"சொல்லுங்கோ, அத்தை" என்றது சந்தோசமான குரல்.

நான் என் பெயரைச் சொன்னேன். பக்கத்தில் கணவர் நிற்கிறாரா என்று கேட்டேன். நிற்கிறார் என்றாள். கதிரையில் இருக்கச் சொன்னேன். கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னேன்.